முத்திரை இல்லாத மழை

அத்தியாயம் ஆறு

கீழே பள்ளிக்கூடத்து வாசலில் லொறி வந்து நின்றது. மேலே, சைரன் கம்பத்தடியில், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்த சுரேன் அதைப் பார்த்தான். அவனுடைய வாய் சட்டென்று அடைத்துப்போனது. சுரேனின் வாய் அடைத்துப்போன சந்தர்ப்பங்களைப் பதுளை பஜாரில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"அக்கா, லொறி வந்துருச்சு."

"பார்த்தேன்," என்றாள் துஷ்யந்தி. அவள் பார்க்கவில்லை. குனிந்து சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை இதுதான். லுணுகலைப் பக்கத்தில் இருக்கும் கூனிமலைத் தோட்டத்தில் போன வாரம் மண் சரிந்து, மேல் லயத்தின், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையின், ஒரு முனையை வழித்துக்கொண்டு போய்விட்டது. மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு மலையை நம்பித் தூங்க மறந்துபோன சனம் அது. அவர்களுக்காகத்தான் இங்கே சைரன் வைத்திருந்தார்கள். கோயில் மதிலில் ஒரு மழைமானி. மழை அளவு மீறினால் அது அனுப்பும் செய்தியைத் தேயிலைப் பெக்டரியில் இருக்கும் கம்பியூட்டர் படித்து, லயத்து மூலையில் இருக்கும் சைரனை அலற வைக்கும். அன்றைக்கு மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. சைரன் வாயே திறக்கவில்லை.

சைரனுக்குக் காவலாள் நல்லையா. மலை உறுமுவதைக் கேட்டதும் தகர வாளியைத் தட்டிக்கொண்டு வாசல் வாசலாக ஓடி, சனத்தை இறக்கிவிட்டார். லயத்தில் தன்னுடைய காம்பரா வீட்டுக்குக் கடைசியாக வந்தபோது சுவர் விழுந்துவிட்டது. உள்ளே காய்ச்சலோடு படுத்திருந்த மனைவி இராக்கம்மா போய்விட்டாள். அவருக்குக் கால் முறிந்தது. மண் இன்னும் வழிந்துகொண்டிருக்கும்போதே ஆட்கள் அவரை ஒரு கதவில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் பொலிஸ் வந்து பார்த்தபோது சைரன் வயர் வெட்டப்பட்டுக் கிடந்தது. இப்போது பதுளை ஆஸ்பத்திரியில் நல்லையாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். பெண்டாட்டியைச் சாகக் கொடுத்த மனுஷனையே அதற்குக் காரணம் என்று சொல்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு வயிறு எரியவேண்டும். ஆனால் பாதிப்பேர் நம்பிவிட்டார்கள்.

வயரை மாற்றியாகிவிட்டது, சைரன் சரியாகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் குடும்பங்கள் இன்றைக்கே லயத்துக்குத் திரும்பலாம் என்று உத்தரவு வந்திருந்தது. அதற்குத்தான் அந்த லொறி. வானமோ கறுத்துப்போய்க் கிடந்தது.

"மிஸ், சீக்கிரம் எதையாவது கண்டுபிடிங்க," என்றாள் விஜயலெட்சுமி. நல்லையாவின் மகள். இவர்கள் இருவரையும் பதுளைக்குத் தேடி வந்து அழைத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். "ஏத்திட்டாங்கன்னா அப்புறம் யாரும் எறக்க மாட்டாங்க."

"உங்க அப்பா மேல ஏன் சந்தேகம் வந்துச்சு?"

விஜயலெட்சுமி உதட்டைக் கடித்தாள். "வாயக் குடுத்துத்தான் மாட்டிக்கிட்டாரு. மாரியம்மன் திருவிழாவுல மஞ்சத் தண்ணி ஊத்துறப்ப இந்த சைரன் அடிச்சிருச்சு. மலை வருதுன்னு எல்லாரும் சாமிய நடுரோட்டுல வச்சிட்டு ஓடிட்டோம். பார்த்தா மலையும் வரல, ஒண்ணும் வரல. அப்பாவுக்குக் கோவம். 'இந்தச் சனியனோட வயர வெட்டுனாத்தான் நிம்மதி'ன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டாரு."

"கோவத்துல சொல்றதெல்லாம் நிஜம்னா நான் எங்க வீட்டு ஓனர எப்பவோ கொன்னிருக்கணும்," என்றான் சுரேன். யாரும் சிரிக்கவில்லை.

துஷ்யந்தி காப்புறுதிக் கம்பனிக்காகப் பொய்க் கோரிக்கைகளைத் துருவித் துருவிக் கண்டுபிடித்த பழைய கை. பிறகு சொந்தமாக விசாரணை அலுவலகம் திறந்தாள். சுரேன் அங்கே உதவியாள். அவளுக்குப் பெரிய கருவிகள் எதுவும் கிடையாது. கண் உண்டு, அதோடு நம்பாத குணமும் உண்டு. அவள் வயரைத் தூக்கவில்லை, அதற்குக் கீழே விரலை விட்டாள்.

"சுரேன், இந்த வயருக்குக் கீழ என்ன இருக்கு?"

"சேறு."

"மேல?"

அவன் பார்த்தான். கம்பத்தின் அடி முழங்கால் உயரத்துக்கு மூடிக்கிடந்தது. வெட்டுப்பட்டு விழுந்த பழைய வயர் அந்தச் சேற்றின் மேல் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. வெட்டு வாயில் ஒரு துளி மண் இல்லை. செம்பு பளபளத்தது.

"மேல ஒண்ணுமில்ல." அவன் விசில் அடித்தான். "மண்ணு வர்றதுக்கு முன்னாடி வெட்டியிருந்தா வயரு மண்ணுக்குள்ள போயிருக்கணும். இது மண்ணு மேல விழுந்திருக்கு. அப்ப மண்ணு வந்தப்புறம்தான் வெட்டியிருக்காங்க."

"அந்த நேரம் எங்கப்பா கதவு மேல போயிக்கிட்டு இருந்தாரு," என்றாள் விஜயலெட்சுமி.

"ஆமா. உங்க அப்பா வெட்டல." துஷ்யந்தி கையை உதறினாள். "ஆனா மழை பெய்யுறப்ப வயர் முழுசாத்தான் இருந்துச்சு. அப்படியும் சைரன் அடிக்கல."

"ஏற்கனவே ஊமை. அதுக்கு மேல ஒருத்தன் வந்து வாய்ப்பூட்டும் போட்டிருக்கான்," என்றான் சுரேன்.

"ஏன் போட்டான்? ஊமைன்னு தெரியாம இருக்க. வயர்தான் காரணம்னு ஊரே நம்புனா வேற காரணத்த யாரும் தேட மாட்டாங்க." துஷ்யந்தி கீழே லொறியைப் பார்த்தாள். "வயர மாத்திட்டாங்க. அந்த வேற காரணம் இன்னும் அப்படியே இருக்கு."

இந்தச் சனத்தைக் கொண்டுவந்து அதே மலைக்குக் கீழே, அதே ஊமைச் சைரனுக்குப் பக்கத்தில் படுக்க வைக்கப்போகிறார்கள்.

அவர்கள் சறுக்கிக்கொண்டே இறங்கினார்கள்.

பள்ளிக்கூடத்தில் பாய்களும் பாத்திரங்களும் லொறியில் ஏறிக்கொண்டிருந்தன. தலைமை ஆசிரியரின் மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான் மதுரன். பதுளையில் நல்ல பெயர் எடுத்த வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கொழும்பில் படித்துவிட்டு வந்து சொந்த ஊரில் கம்பனி வைத்தவன். இந்தச் சைரன் புரோகிராம் அவன் எழுதியது. இது சரியாக ஓடினால் மாகாணத்துத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் அவன்தான் வைக்கப்போகிறான் என்று பேச்சு. நாளைக்கு மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து புரோகிராமைப் பார்க்கப்போகிறார்களாம்.

"வாங்க மிஸ். நீங்களே உங்க காதால கேட்டுக்கோங்க," என்றான் மதுரன். மடிக்கணினியில் ஒரு எண்ணைத் தட்டினான். பொத்தானை அமுக்கினான்.

மேலே லயத்து மூலையில் சைரன் வீறிட்டது. லொறியில் நின்றவர்கள் தங்களை அறியாமல் தலையைக் கையால் மூடிக்கொண்டார்கள். அடங்கியதும் யாரோ கை தட்டினார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா கேக்குது சாமி," என்று கும்பிட்டார். மூட்டைகள் இன்னும் வேகமாக ஏற ஆரம்பித்தன.

"இது எப்படி வேலை செய்யுது?" என்றாள் துஷ்யந்தி.

மதுரனுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. "என் புரோகிராம்ல ஒரு காவல்காரன் இருக்கான். ஆஸ்பெக்ட்னு சொல்வோம். மற்ற வேலைகள் எல்லாம் அதது பாட்டுக்கு நடக்கும். செய்தி எந்த வாசல் வழியா வந்தாலும் இவன் எட்டிப் பார்ப்பான். யாரு கூப்பிட்டாங்கன்னு பார்க்க மாட்டான். என்ன கொண்டு வந்தாங்கன்னுதான் பார்ப்பான். தேடுற சரக்கு வந்தா புடிச்சு, அளவப் பார்த்து, சைரன அடிப்பான்."

"கொண்டு வந்த சரக்க எப்படி அடையாளம் கண்டுபிடிப்பான்?"

"அது கொஞ்சம் டெக்னிக்கல் மிஸ்."

"என் உதவியாளும் கொஞ்சம் டெக்னிக்கல்தான். காட்டுங்க."

சுரேன் கணினிப் படிப்பைப் பாதியில் விட்டவன். பதுளை பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் கொஞ்ச நாள் புரோகிராம் எழுதினான், பிறகு முதலாளியைக் கிண்டல் பண்ணி வேலையை இழந்தான். பாதிப் படிப்புக்காரன்தானே என்று மதுரன் மடிக்கணினியைத் தாராளமாகத் திருப்பி வைத்தான். சுரேன் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கழன்று விழுந்தது.

"தமிழ்ல சொல்லு," என்றாள் துஷ்யந்தி.

"கொழுந்து நிறுக்கிற மடுவத்து வாசல்ல ஒரு கணக்கப்பிள்ள நிக்கிறாருன்னு வைங்க. உள்ள வர்றதுல கொழுந்து சாக்க மட்டும் புடிச்சு நிறுத்தணும். ரெண்டு விதமா செய்யலாம். ஒண்ணு, வந்தது கொழுந்து சாக்கான்னு பார்க்கிறது. புதுசோ, கிழிஞ்சதோ, சின்னதோ, கொழுந்து சாக்குன்னா நில்லு. அது வகையப் பார்த்துப் புடிக்கிறது. இன்னொண்ணு, சாக்குல சிவப்பு முத்திரை குத்தியிருக்கான்னு பார்க்கிறது. முத்திரை இருந்தா நில்லு. இல்லன்னா உள்ள கொழுந்தே நிறைஞ்சிருந்தாலும் போயிட்டே இரு. இவங்க பாஷைல அந்த முத்திரைக்குப் பேரு அனோடேஷன்."

"இவரோட காவல்காரன் எந்தப் பக்கம்?"

"முத்திரைப் பக்கம். மானி அனுப்புற அளவுக்கு வாசிப்புன்னு பேரு. அதுல 'அபாயம்'னு முத்திரை இருந்தாத்தான் திரும்பியே பார்ப்பான்."

"முதல்ல வகையப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன்," என்றான் மதுரன் அவசரமாக. "எந்த மழை வாசிப்பு வந்தாலும் புடிக்கிற மாதிரி. ஆனா திருவிழால மஞ்சத் தண்ணிய மானி மழைன்னு நினைச்சிருச்சு. கோயில் தலைவர் வந்து சண்ட போட்டாரு. அதனால சாதாரண மழை வாசிப்புக்கு முத்திரை குத்தி, 'திருவிழா வாசிப்பு'ன்னு இன்னொண்ணு தனியா செஞ்சேன். மழை வாசிப்போட பிள்ளை மாதிரி. ஆனா அதுக்கு முத்திரை இல்ல. திருவிழா நடக்கிற வரைக்கும் மானி அதைத்தான் அனுப்பும். காவல்காரன் கண்டுக்க மாட்டான். சைரன் அடிக்காது."

"தாய்க்கு முத்திரை இருந்தா பிள்ளைக்கும் தானா வராதா?" என்றாள் துஷ்யந்தி.

"அம்மா மூக்குத்தி போட்டிருந்தா பிள்ளை மூக்குத்தியோடயா பொறக்கும்?" என்றான் சுரேன். "குத்துனாத்தான் உண்டு. பிள்ளைக்கும் போகணும்னு தனியா எழுதி வச்சா போகும். இவரு எழுதல."

"வேணும்னுதான் எழுதல. அதுதானே நோக்கம்," என்றான் மதுரன். "திருவிழா முடிஞ்சிருச்சுன்னு தலைவர் சொன்னாரு, உடனே மானியப் பழையபடி மாத்திட்டேன். இப்பக் கேட்டீங்கதானே சத்தத்த?"

கேட்டார்கள்தான். சுரேனுக்கு ஏதோ உறுத்தியது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. மதுரன் சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சைரனும் அடித்தது. லொறிக்காரன் என்ஜினை முடுக்கினான்.

துஷ்யந்தி வெளியே போனாள். விஜயலெட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க திருவிழா எப்ப முடிஞ்சுச்சு?"

விஜயலெட்சுமி விழித்தாள். "இன்னும் முடியலீங்களே மிஸ்."

பின்னாலேயே வந்த சுரேன் நின்றுவிட்டான்.

"எட்டாம் நாள் பூசை செஞ்சாத்தான முடிஞ்ச கணக்கு? அன்னைக்கு ஒரே மழை. மழை விடட்டும்னு தலைவரு தள்ளி வச்சாரு. அதுக்குள்ள மண்ணு சரிஞ்சு எங்கம்மாவும் போயிருச்சு. பூசாரி கையில கட்டுன காப்பு இன்னும் அவுக்கல. நீங்க வேணா போயிப் பாருங்க."

"காப்பு அவுக்காம, முடிஞ்சிருச்சுன்னு தலைவர் சொல்லியிருப்பாரா?"

"ஐயோ! சொன்னா அவர கோயிலுக்குள்ளயே விட மாட்டாங்க."

அப்படியானால் மதுரன் பொய் சொல்கிறான். அது மட்டுமில்லை. மானி இன்னும் திருவிழாக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. எந்த மழைக்காக எச்சரிக்கை வைத்தார்களோ அந்த மழையே பூசையை நிறுத்தி, சைரனின் வாயையும் அடைத்துவிட்டது. சுரேனுக்கு இப்போது உறுத்தியது என்னவென்று புரிந்தது.

"அக்கா! அவன் மானிய தொடவே இல்ல. மடிக்கணினியிலதான் எண்ணத் தட்டுனான். அது முத்திரையோட போற சாதாரண வாசிப்பு. அடிக்காம என்ன செய்யும்?"

"தன்னோட மானிய நம்புறவன் என்ன செஞ்சிருப்பான்?"

"ஒரு குடம் தண்ணிய எடுத்து அதுல ஊத்திக் காட்டியிருப்பான்."

"நாம ஊத்துவோம். உங்க ஆளுங்கள கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, விஜயலெட்சுமி."

"நான் சொன்னா நிக்க மாட்டாங்க மிஸ். வயர வெட்டுனவனோட மகள்னு சொல்றாங்க." அவள் ஏற்கனவே சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். "நான் வந்து ஊத்துறேன். எனக்குப் பாதை தெரியும்."

கோயிலுக்குப் போகும் படிகளில் மூவரும் ஏறும்போதே தூறல் விழ ஆரம்பித்தது. கோயில் வாசலில் வாடிப்போன மாவிலைத் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மதிலில் வெள்ளை டப்பா மாதிரி மழைமானி. அதன் முகப்பில் ஒரு சிறிய திரை, அதில் அளவு தெரியும். சிவப்புக் கோட்டைத் தாண்டினால் சைரன் அடிக்கவேண்டும் என்று பக்கத்தில் மும்மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தது.

விஜயலெட்சுமி குழாயில் குடத்தை நிறைத்து ஊற்றினாள். எண் ஏறியது. இன்னொரு குடம். இன்னும் ஏறியது. அடுத்த குடத்தை அவள் அவசரமாகத் தூக்கும்போது பாதித் தண்ணீர் அவள் மேலேயே கொட்டியது. மிச்சம் போதும். எண் சிவப்புக் கோட்டைத் தொட்டது, தாண்டியது.

மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

தூறல் சத்தம். கீழே லொறி உறுமும் சத்தம். வேறு ஒன்றுமில்லை.

"அடி," என்றாள் விஜயலெட்சுமி சைரனைப் பார்த்து. "அடிச்சுத் தொலை. உன்னத்தான் கேக்கிறேன், அடிச்சுத் தொலை!"

அது அடிக்கவில்லை. சுரேனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. கீழே பார்த்தான். லொறி பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி வளைவில் திரும்பிவிட்டது.

"அக்கா, கெளம்பிட்டாங்க!"

அவன் படிகளில் இறங்கவில்லை, விழுந்தான் என்றே சொல்லவேண்டும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்காகப் பாய்ந்து, சட்டையைக் கிழித்துக்கொண்டு, கல்ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். லொறி கிறீச்சிட்டு அவன் மூக்குக்கு முன்னால் நின்றது.

"சாகவா வந்த?" என்று டிரைவர் கத்தினார்.

"இல்லண்ணே, அதுக்கு நீங்க ஏத்திக்கிட்டுப் போற எடம்தான் சரி. நான் இங்கயே நிக்கிறேன்," என்றான் சுரேன் மூச்சிரைக்க.

லொறிக்குப் பின்னால் தன் காரில் வந்த மதுரன் குடையோடு இறங்கினான். மழை இப்போது கனத்துவிட்டது. லொறியில் இருந்தவர்கள் தார்ப்பாய்ப் படங்கைத் தலைக்கு மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். துஷ்யந்தியும் விஜயலெட்சுமியும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள்.

"மானியில தண்ணி ஊத்துனோம்," என்றாள் துஷ்யந்தி. "கோட்டத் தாண்டிருச்சு. சைரன் அடிக்கல."

லொறிக்குள் முணுமுணுப்பு எழுந்தது. மதுரன் குடையைக் கை மாற்றினான். "இலை கிலை அடைச்சிருக்கும் மிஸ். சின்ன விஷயம். நான் பார்த்துக்கிறேன். இவங்கள மழையில நிறுத்தி வைக்காதீங்க."

துஷ்யந்தி அவனையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். "சரி. இலையாத்தான் இருக்கும். லொறி போகட்டும்."

"அக்கா!" என்றான் சுரேன். விஜயலெட்சுமி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு விஷயம் மதுரன். நல்லையா ஆஸ்பத்திரியில இருக்காரு. சைரனுக்கு இன்னைக்குக் காவல் இல்ல. நீங்களும் இவங்களோட ஏறுங்க. அவரு காம்பராவுக்குப் பக்கத்து காம்பரா இடியாம இருக்கு. மழை விடுற வரைக்கும் அங்கயே இருந்து பார்த்துட்டு வாங்க."

சுரேனுக்கு இப்போதுதான் புரிந்தது. அவன் ஓடிப்போய் லொறியின் பின்கதவைத் திறந்துவிட்டான். "வாங்க சேர். நல்ல சீட்டு, காத்தோட்டமா இருக்கும்."

மேலேயிருந்து ஒரு பெரியவர் கையை நீட்டினார். அவருக்குச் சூது வாது தெரியாது. சேர் கூட வருகிறாரே என்ற சந்தோஷம்தான் அவருக்கு. "கையக் குடுங்க சேர். பிடிச்சுக்கோங்க."

மதுரன் ஒரு காலை லொறிப் படியில் வைத்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வைக்காமல் என்ன செய்வது? தலையைத் தூக்கி மலையைப் பார்த்தான். மேகம் மேல் லயத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் சிவப்பாக ரோட்டில் இறங்கி வந்தது. அவன் கால் படியிலிருந்து கீழே இறங்கியது.

"முடியாது. மழை பலத்துருச்சு. அங்க சைரன் அடிக்காது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. நீட்டிய பெரியவரின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"இலை அடைச்சிருந்தா எடுத்தா அடிக்குமே?" என்றாள் துஷ்யந்தி மெதுவாக. "அடிக்காதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

மதுரனின் குடை சாய்ந்து, மழை அவன் மேல் விழுந்தது. "மண் சரிஞ்ச அன்னைக்கே தெரியும். இங்க ஓடி வந்து பெக்டரியில பார்த்தேன். மானியில இருந்து எல்லா வாசிப்பும் ஒழுங்கா வந்திருக்கு. எல்லாமே திருவிழா வாசிப்பு. ஒண்ணுலயும் முத்திரை இல்ல. காவல்காரன் ஒவ்வொண்ணையும் விட்டுட்டான். திருவிழா முடிஞ்சிருச்சான்னு நான்தான் தலைவர்கிட்ட கேட்டிருக்கணும். மஞ்சத் தண்ணி ஊத்தி முடிஞ்சதும் மானியப் பழையபடி மாத்தணும்னு இருந்தேன், மறந்துட்டேன்."

"மேல ஏறி வயர வெட்டுனது?"

அவன் தலை குனிந்தான். அதுவே போதுமாக இருந்தது.

"நல்லையா சொன்ன வார்த்தை உங்களுக்கு வசதியாப் போச்சு. சரி, அதுக்கப்புறமாவது ரகசியமா புரோகிராம சரி செஞ்சிருக்கலாமே? இன்னைக்கு இவங்கள ஏத்துறதுக்கு முன்னாடியாவது?"

"மாத்துனா மாத்தினது பதிவாகும் மிஸ். நாளைக்கு வர்றவங்க பார்ப்பாங்க. தப்பு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு ஆயிரும். அவங்க வந்துட்டுப் போனதும் மாத்திடலாம்னு…"

"அதுவரைக்கும் மழை பெய்யாம இருக்கும்னு சாமிகிட்ட சொல்லி வச்சீங்களா?" என்றான் சுரேன். அவன் குரலில் கிண்டல் இல்லை. அவனுக்கு அந்த மனிதனை அறையவேண்டும் போல் இருந்தது. மறந்து போவதை மன்னிக்கலாம். யார் மறக்கவில்லை? ஆனால் தெரிந்துகொண்டே இத்தனை உயிரை ஒரு சரிவுக்குக் கீழே படுக்கவைக்கத் துணிந்தவனை என்ன செய்வது?

லொறியிலிருந்து ஆண்கள் குதித்தார்கள். அவர்களுக்கு முன்னால் விஜயலெட்சுமி போய் நின்றாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் கை மேலே போகவில்லை.

"எங்கம்மாவ எந்திரின்னு சொன்னேன் சேர்," என்றாள். "காய்ச்சலா இருக்கு, சைரன் அடிச்சா எந்திரிச்சு வரேன், நீ போன்னு சொல்லிச்சு. உங்க சைரன அவ்வளவு நம்புச்சு."

மதுரன் அழுதான். யாரும் அவனைத் தேற்றவில்லை. துஷ்யந்தி பொலிஸுக்குப் போன் போட்டுப் பேசினாள். லொறி பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. இறங்கச் சொல்லி யாருக்கும் இரண்டாம் முறை சொல்லவேண்டியிருக்கவில்லை.

"சுரேன், அந்தக் காவல்காரன மாத்த முடியுமா?"

"முடியும். ஒரே வரி. முத்திரையப் பார்க்காதே, வகையப் பார்னு சொல்லணும். மழை வாசிப்பா இருந்தாச் சரி, அதோட பிள்ளையா இருந்தாலும் புடி."

"அடுத்த திருவிழால மஞ்சத் தண்ணிக்கும் அடிக்குமே?"

"அடிக்கட்டும்கா. ஓடிப் போயிட்டுத் திரும்பி வந்து சாமியத் தூக்கட்டும். மாரியம்மா கோவிச்சுக்க மாட்டா."

மதுரன் மறுப்பில்லாமல் மடிக்கணினியைத் திறந்து கொடுத்தான். தலைமை ஆசிரியரின் மேசையில் உட்கார்ந்து சுரேன் தட்டினான். ஈரக்கை. இரண்டு தடவை பிழையாக அடித்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டான். பெக்டரி கம்பியூட்டருக்கு அனுப்பினான். பிறகு மடிக்கணினியை மூடி, கையை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான். "யாரும் இதைத் தொடாதீங்க. இனி மழை பேசட்டும்."

வகுப்பறைகளில் பேச்சு நின்றது. ஓடுகளில் மழை சடசடத்தது. மேலே கோயில் மதிலில் மானி ஏற்கனவே குடத்துத் தண்ணீரைக் குடித்துச் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. அடுத்த வாசிப்பு வந்தால் போதும். அந்தக் காத்திருப்பு சுரேனுக்குத் தாங்கவில்லை. நகத்தைக் கடித்தான்.

சைரன் வீறிட்டது.

யார் விரலும் படாமல் அடித்தது. மழை மட்டும்தான் அதை அடித்தது. அடங்கவில்லை, நீண்டுகொண்டே போனது. குழந்தைகள் அழுதார்கள். பெரியவர்களும் அழுதார்கள்.

துஷ்யந்தி தன் போனில் யாரையோ அழைத்தாள். "ஆஸ்பத்திரியில காவலுக்கு இருக்கிற பொலிஸ்காரர்," என்று சொல்லி அதை விஜயலெட்சுமியின் கையில் வைத்தாள். "அப்பாகிட்ட குடுக்கச் சொல்லியிருக்கேன். பேசுங்க."

விஜயலெட்சுமி பள்ளிக்கூடத்து முன்வாசல் இஸ்தோப்பைத் தாண்டி மழைக்குள் இறங்கினாள். போனைக் காதில் வைக்கவில்லை. கையை உயரத் தூக்கி மலைப்பக்கம் நீட்டினாள்.

"அப்பா, கேக்குதா? உங்க மேல ஒரு தப்பும் இல்லப்பா! நல்லா கேளுங்க!"

பிறகுதான் போனைக் காதுக்குக் கொண்டுவந்தாள். மறுமுனையில் நல்லையாவின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"சைரன் அடிக்குதே, லயத்துல யாரும் இருக்காங்களா? எல்லாரையும் எறக்கிட்டியா, ஆத்தா?"

"எறக்கியாச்சுப்பா," என்றாள் அவள். "எல்லாரையும் எறக்கியாச்சு."